கணினி வருகிறது, கணக்கு எங்கே?

2017-ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஈவின் டாங் இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தார். பள்ளியில் சில வகுப்புகளைத் தாண்டிவந்து, பதினான்கு வயதிலேயே கல்லூரியில் சேர்ந்தவர். ஆய்வுக்கு ஒரு தலைப்பு வேண்டும் என்று பேராசிரியர் ஸ்காட் ஆரன்சனிடம் போனபோது, அவர் சொன்ன தலைப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒருவர் இணையத்தில் பார்த்த படங்களையும் வாங்கிய பொருட்களையும் வைத்து, அடுத்து அவருக்கு எதைப் பரிந்துரைக்கலாம் என்று கணினி முடிவுசெய்கிறதே, அதுதான் கணக்கு. இதைக் குவாண்டம் கணினி மிக மிக வேகமாகச் செய்துவிடும் என்று இயோர்டானிஸ் கெரெனிடிஸும் அனுபம் பிரகாஷும் 2016-இல் காட்டியிருந்தார்கள். சாதாரணக் கணினியால் அந்த வேகத்தை எட்டவே முடியாது என்று நிறுவிக் காட்டுவது டாங்கின் வேலை.

மாதங்கள் ஓடின. நிறுவ முடியவில்லை. முடியாது என்று காட்டப் போனவர், முடியும் என்பதற்கான வழியைக் கண்டுபிடித்துவிட்டார். 2018 ஜூனில் பெர்க்லியில் நடந்த குவாண்டம் கணிமைக் கூட்டத்துக்குக் கெரெனிடிஸும் பிரகாஷும் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே டாங் தன் வழிமுறையை விளக்கினார். கேள்விகள் மணிக்கணக்கில் நீண்டன. எல்லாவற்றுக்கும் வழிமுறை தாக்குப்பிடித்தது. அடுத்த மாதம் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது அவருக்கு வயது 18. தொழில்துறைக்குக் குவாண்டம் கணினி தரப்போகும் பயன்களில் முன்வரிசையில் வைத்துப் பேசப்பட்ட ஒன்று, அன்றோடு அந்த வரிசையிலிருந்து இறங்கியது.

குவாண்டம் கணினியில் பணம் போடும் அரசுகளும், அதற்கு நிதி ஒதுக்கலாமா என்று யோசிக்கும் நிறுவனங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. செய்திகளில் ஒவ்வொரு முறையும் எண்ணப்படுவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட். 53, 127, 433, 1,121 என்று அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. தொழிலுக்குத் தேவைப்படுவதோ வேறு எண். ஒரு குறிப்பிட்ட கணக்கைச் சாதாரணக் கணினியில், அறியப்பட்டவற்றுள் மிகச் சிறந்த வழிமுறையில் செய்தால் எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு ஆகும்? குவாண்டம் கணினியில் செய்தால் எவ்வளவு? இந்த ஒப்பீடு இல்லாமல் வரும் எந்த அறிவிப்பையும் தொழில்துறை அப்படியே ஏற்கக் கூடாது. ஒப்பிடுவதற்கு உரிய கணக்குகளைத் தேடித் தருகிற பொறுப்பும் தொழில்துறையுடையதுதான். அந்த இரண்டாவது வேலைதான் உலகெங்கும் பின்தங்கிக் கிடக்கிறது.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதைத் தந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அது உண்மையில்லை. சாதாரணக் கணினியின் ஒரு பிட் 0 அல்லது 1. கியூபிட் இரண்டின் கலவையான நிலையில் இருக்கலாம். பல கியூபிட்டுகள் பின்னிப்பிணைந்தால் அந்தக் கலவையில் எண்ணற்ற சாத்தியங்கள் அடங்கும். ஆனால் அளந்து பார்க்கும் கணத்தில் கைக்கு வருவது ஒரே ஒரு விடை. குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால் அலைகள் சில இடங்களில் சேர்ந்து உயரும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துச் சமமாகிவிடும் அல்லவா? குவாண்டம் வழிமுறையை எழுதுபவர் செய்வதும் அதுதான். தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழிக்கவும், சரியான விடையின் அலை உயரவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாக் கணக்குக்கும் இந்த ஏற்பாடு அமைவதில்லை. அமையும் கணக்குகள் மிகக் குறைவு என்பதுதான் முப்பது ஆண்டு ஆராய்ச்சி சொல்லித்தந்த பாடம்.

அந்தக் குறைவான கணக்குகளில் புகழ்பெற்றது பீட்டர் ஷோர் 1994-இல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது: மிகப் பெரிய எண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரிப்பது. இரண்டு ஆண்டு கழித்து, டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த லவ் குரோவர் அதே ஆய்வகத்தில் இன்னொன்றைக் கண்டார். ஒழுங்கில்லாத பட்டியலில் ஒன்றைத் தேட, பட்டியலின் அளவுக்கு வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணிக்கையிலான படிகள் போதும். பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட ஏறத்தாழ ஆயிரம் படிகள். சரக்கு லாரிகளின் வழித்தடம், தொழிற்சாலையின் வேலை அட்டவணை, முதலீட்டுத் தொகுப்பு என்று வணிக உலகம் குவாண்டத்திடம் எதிர்பார்க்கும் பலவற்றுக்கும் பின்னால் இருப்பது குரோவர் வகையிலான இந்த வேகம்தான்.

இங்கேதான் ஒரு கடினமான உண்மையை நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. டார்ஸ்டன் ஹோஃப்ளர், தாமஸ் ஹேனர், மத்தியாஸ் டிராயர் ஆகிய மூவரும் 2023-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். டிராயர் மைக்ரோசாஃப்டின் குவாண்டம் பணியில் முன்னணியில் இருப்பவர். இந்தத் துறை தோற்க வேண்டும் என்று நினைக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. பிழை திருத்தப்பட்ட 10,000 கியூபிட்டுகள் கொண்ட வருங்கால இயந்திரம் ஒன்று கைக்கு வந்துவிட்டதாகவே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இன்று எங்குமே இல்லாத இயந்திரம் அது. அதற்கு எதிரே நிறுத்தியது அன்றைய என்விடியா சிப் ஒன்றே ஒன்று. வர்க்கமூல அளவு வேகம் மட்டும் கிடைக்கும் கணக்குகளில், நியாயமான கால அவகாசத்துக்குள் குவாண்டம் இயந்திரம் அந்த ஒற்றைச் சிப்பை முந்தவில்லை.

காரணம் எளிது. பிழை திருத்தும் குவாண்டம் கணினியில் ஒரு செயலுக்கே மைக்ரோ விநாடிகள் பிடிக்கும். சாதாரணச் சிப்போ அதே நேரத்தில் பல கோடிச் செயல்களை முடித்துவிடும். படிகள் குறைந்தாலும் ஒவ்வொரு படியும் அத்தனை மெதுவாக இருந்தால், குறைத்த படிகளின் லாபம் முழுவதும் கரைந்துபோகிறது. தரவை உள்ளே ஏற்றுவது இன்னும் மெதுவானது. எனவே கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களின் பதிவேட்டைக் குவாண்டம் கணினியில் கொட்டி அலசுவது என்ற பேச்சை ஒதுக்கிவைத்துவிடலாம். அந்த மூவரும் காட்டும் வழி வேறு: தரவு சிறிதாக இருக்க வேண்டும், கணக்கு மட்டும் பூதாகரமாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் ஃபைன்மன் 1981-இல் எம்.ஐ.டி. மாநாட்டில் குவாண்டம் கணினி என்ற எண்ணத்தை முன்வைத்தபோது சொன்ன பயனே அதுதான். இயற்கையே குவாண்டம் விதிகளின்படி இயங்கும்போது, அதைப் போலச்செய்து பார்க்கும் இயந்திரமும் அந்த விதிகளின்படி இயங்கினால்தான் சரிவரும் என்றார். அதாவது மூலக்கூறுகள், வினையூக்கிகள், புதிய பொருட்கள். ஒரு மூலக்கூறை விவரிக்கத் தேவையான தரவு ஒரு தாளில் அடங்கிவிடும். அதன் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதைத் துல்லியமாகக் கணக்கிட உலகின் பெரிய மீக்கணினிகளும் திணறும்.

நிலக்கடலைச் செடியையோ உளுந்துச் செடியையோ பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் வேரில் இருக்கும் சிறு முடிச்சுகள் தெரியும். அதற்குள் வாழும் பாக்டீரியா, காற்றில் உள்ள நைட்ரஜனை எடுத்து அமோனியாவாக மாற்றிச் செடிக்குத் தருகிறது. மண்ணின் சாதாரண வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் நடக்கும் வேலை இது. மனிதர்கள் இதே வேலையை ஹேபர்-பாஷ் முறையில் செய்கிறார்கள்: 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல நூறு, இருநூறு மடங்கு அழுத்தம், இரும்பு வினையூக்கி. உலகின் மொத்த எரிசக்தியில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தை அமோனியா தயாரிப்பு மட்டுமே விழுங்குகிறது. யூரியா மூட்டையின் விலையிலும், அதற்கு அரசு தரும் மானியத்திலும் அந்த எரிசக்தியின் பங்கு பெரிது. பாக்டீரியாவின் நொதிக்குள் வேலை செய்யும் மையம் இரும்பு, மாலிப்டினம், கந்தகம் சேர்ந்த சிறியதொரு கொத்து. அதை ஃபெமோகோ என்று அழைக்கிறார்கள். அந்தக் கொத்தில் எலெக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை முழுமையாகக் கணக்கிடுவது, குவாண்டம் கணினி ஆய்வாளர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட தேர்வுகளில் ஒன்று.

2021-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஃபெமோகோ கணக்குக்கு ஏறத்தாழ 40 லட்சம் கியூபிட்டுகளும் நான்கு நாட்களுக்குக் குறைவான நேரமும் தேவை. மருந்துகளை உடல் எப்படிச் சிதைக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பி450 என்ற நொதிக் குடும்பத்தை, ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் மருந்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஆராய்ந்தபோதும் தேவை பல லட்சம் கியூபிட்டுகளுக்குத்தான் போனது. கையில் இருப்பவையோ நூறுகளிலும் ஆயிரத்தை ஒட்டியும் நிற்கின்றன. இந்த இடைவெளியை மறைக்கத் தேவையில்லை. போரிங்கர் செய்த காரியம் பாராட்டத்தக்கது என்பது இந்த இடைவெளியால்தான் புரிகிறது. இயந்திரம் வருவதற்கு முன்பே, தன் தொழிலுக்கு உண்மையாகவே வேண்டிய ஒரு மூலக்கூறை எடுத்துவைத்து, சாதாரணக் கணினி எங்கே தடுக்கி விழுகிறது, குவாண்டம் கணினிக்கு எவ்வளவு பெரிய உடம்பு வேண்டும் என்று அது அளந்து பார்த்தது. மற்ற நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை அது.

வேதியியலிலும் வெற்றி உறுதி என்று எழுதிவைத்துவிட முடியாது. கால்டெக்கின் கார்னெட் சானும் அவருடைய சகாக்களும் 2023-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேதியியலில் குவாண்டம் கணினிக்குப் பிரம்மாண்டமான அனுகூலம் பொதுவாகவே கிடைக்கும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை என்பது அதன் சாரம். சாதாரணக் கணினிகளின் தோராய வழிமுறைகளும் ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகின்றன. டாங்கின் கதை வேறு வடிவத்தில் மீண்டும் நடக்கலாம்.

ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது. கூகுளின் 53 கியூபிட் சிக்கமோர் சிப் 2019-இல் 200 விநாடிகளில் முடித்த கணக்கைச் சாதாரண மீக்கணினி முடிக்க 10,000 ஆண்டுகள் ஆகும் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டரை நாள் போதும் என்று ஐ.பி.எம். உடனே மறுத்தது. பின்னர் சீன ஆய்வாளர்கள் 512 வரைகலைச் சிப்புகளை வைத்து அதைப் பதினைந்து மணி நேரத்தில் செய்துகாட்டினார்கள். 2023 ஜூனில் ஐ.பி.எம்.மின் 127 கியூபிட் இயந்திரம் ஒரு காந்தப் பொருளின் மாதிரியைக் கணக்கிட்டு, பயன்பாட்டுக் காலம் தொடங்கிவிட்டது என்ற நம்பிக்கையைக் கிளப்பியது. சில வாரங்களுக்குள் அதே விடைகளைச் சாதாரணக் கணினியில் எடுத்துக் காட்டிய ஆய்வுகள் வரிசையாக வந்தன. இதில் யாரும் ஏமாற்றவில்லை. அறிவியல் இப்படித்தான் நகர்கிறது. கூகுளும் ஐ.பி.எம்.மும் தங்கள் முறைகளையும் முடிவுகளையும் திறந்து வைத்ததால்தான் மற்றவர்களால் சோதிக்க முடிந்தது. வருந்த வேண்டியது, முதல் அறிவிப்பு தலைப்புச் செய்தியாகி, மறுப்பு யார் கண்ணிலும் படாமல் போவதற்குத்தான்.

வணிக உலகின் செய்முறை விளக்கங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் லிஸ்பன் நகரில் ஒரு மாநாட்டின்போது ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், டி-வேவ் குவாண்டம் இயந்திரத்தின் உதவியோடு ஒன்பது பேருந்துகளுக்கு வழி வகுத்துக் கொடுத்தது. சாலையில், உண்மையான பயணிகளோடு, நேரலையில் நடந்த முயற்சி என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒன்பது பேருந்துகளின் வழியைச் சாதாரணக் கணினி சிரமமில்லாமல் வகுத்துவிடும். 2025 செப்டம்பரில் எச்.எஸ்.பி.சி. வங்கி, ஐ.பி.எம். இயந்திரத்தைப் பயன்படுத்திக் கடன் பத்திர வணிகத்தில் ஒரு கணிப்பை 34 சதவீதம் வரை மேம்படுத்தியதாக அறிவித்தது. ஆய்வுக் கட்டுரையைத் திறந்து படித்தால் வியப்பான ஒரு செய்தி இருக்கிறது: இரைச்சல் (கியூபிட்டுகளில் நுழையும் தற்செயல் பிழைகள்) இல்லாத குவாண்டம் கணினியைப் போலச்செய்து பார்த்தபோது அந்த மேம்பாடு கிடைக்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சலே விளைவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இரைச்சல்தான் உதவியது என்றால் அதைச் சாதாரணக் கணினியிலேயே சேர்த்துப் பார்க்கலாமே என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை தெரியும்வரை இதைக் குவாண்டத்தின் வெற்றி என்று கணக்கில் எழுதுவது சரியாகாது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2025 மார்ச்சில் ஜே.பி. மார்கன் வங்கியும் குவாண்டினியம் நிறுவனமும் சேர்ந்து, 56 கியூபிட் இயந்திரம் ஒன்றிலிருந்து, யாராலும் முன்கூட்டித் தீர்மானித்திருக்க முடியாது என்று சரிபார்க்கத்தக்க 71,313 தற்செயல் பிட்டுகளைப் பெற்றன. இயந்திரம் மெய்யாகவே குவாண்டம் முறையில்தான் வேலை செய்ததா என்று பார்க்க அமெரிக்காவின் பெரிய மீக்கணினிகளைக் கொண்டு தணிக்கை செய்தார்கள். யோசனை, டாங்கின் பேராசிரியரான அதே ஆரன்சன் 2018-இல் சொன்னது. குலுக்கல், மறையாக்கம், தணிக்கைக்கு மாதிரி எடுப்பது என்று நேர்மையான தற்செயல் எண்கள் தேவைப்படும் இடங்கள் உலகில் உண்டு. செலவு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது, பயனும் சிறியது. ஆனாலும் எதைச் செய்தோம், அதை எப்படிச் சரிபார்த்தோம் என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கின்றன.

பொறியியலாளர்களின் பக்கம் நடந்திருக்கும் முன்னேற்றத்தைச் சொல்லாமல் விட்டால் பெரும் அநீதியாகிவிடும். கியூபிட் என்பது மிக மென்மையான பொருள். மீக்கடத்தியால் செய்த கியூபிட்டுகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு என்ற குளிரில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிர்ப்பெட்டிக்கு ஹீலியம்-3 என்ற அரிய வாயு தேவை. அணு ஆயுதத் திட்டங்களுக்காகத் தயாரித்த டிரிட்டியம் சிதைவதிலிருந்துதான் அது பெரும்பாலும் கிடைக்கிறது. அத்தனை பாதுகாப்புக்குப் பிறகும் கூகுளின் வில்லோ சிப்பில் ஒரு கியூபிட் தன் நிலையைத் தக்கவைத்துக்கொள்வது சராசரியாக 68 மைக்ரோ விநாடிகள்தான். இதில் பல நூறு கோடிச் செயல்கள் கொண்ட கணக்கைச் செய்து முடிப்பது எப்படி?

பல பலவீனமான கியூபிட்டுகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று தவறினால் மற்றவை காட்டிக்கொடுத்துத் திருத்திக்கொள்ளும்படி ஒரே ஒரு வலுவான கியூபிட்டாக ஆக்குவதுதான் வழி. இதற்கான முதல் திட்டத்தை 1995-இல் தந்ததும் ஷோர்தான். சிக்கல் என்னவென்றால், சேர்க்கும் ஒவ்வொரு கியூபிட்டும் தன் பிழையையும் கூடவே கொண்டுவரும். தனித்தனிப் பிழை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டுமே, சேர்க்கச் சேர்க்க மொத்தப் பிழை குறையும், இல்லாவிட்டால் கூடும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2024-இல், 105 கியூபிட் வில்லோவில் அந்த எல்லை கடக்கப்பட்டது. கட்டமைப்பை ஒவ்வொரு படி பெரிதாக்கும்போதும் பிழை பாதிக்கும் கீழாக இறங்கியது. 101 கியூபிட்டுகளைக் கொண்டு கட்டிய ஒரு வலுவான கியூபிட், அந்தச் சிப்பின் மிகச் சிறந்த தனிக் கியூபிட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீடித்தது. பத்து லட்சம் சுற்றில் ஒரு பிழை என்ற நிலையை எட்ட, ஒரே வலுவான கியூபிட்டுக்கு 1,457 கியூபிட்டுகள் தேவைப்படும் என்று அந்தக் கட்டுரையிலேயே கணக்கும் போட்டிருக்கிறார்கள். இத்துறையில் நேர்மையாக எழுதப்பட்ட எண்களில் அதுவும் ஒன்று.

ஐ.பி.எம்.மும் இதே பாடத்தைத் தன் வழியில் கற்றது. 2023 டிசம்பரில் 1,121 கியூபிட் காண்டார் சிப்போடு, 133 கியூபிட் ஹெரானையும் அது வெளியிட்டது. அதற்குப் பின் அந்நிறுவனம் வளர்த்தெடுத்தது சிறிய ஹெரானைத்தான். காரணம், பிழை குறைவு. கியூபிட்டை எண்ணுவதால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பிழை திருத்தப்பட்ட 200 கியூபிட்டுகளில் பத்துக் கோடிச் செயல்கள் ஓடும் இயந்திரத்தை 2029-இல் தருவதாக ஐ.பி.எம். உறுதி சொல்லியிருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்போ, செலவைவிட அதிக மதிப்பைத் தரும் குவாண்டம் கணினி 2033-க்குள் சாத்தியமா என்று நிறுவனங்களின் திட்டங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்த்துச் சோதித்து வருகிறது. கேள்வியை டார்பா வைத்த விதம் சரியானது. மதிப்பும் செலவும் ஒரே தராசில்.

பயனுள்ள குவாண்டம் கணினி வருவதற்கு முன்பே, அதன் பெயரால் தொழில்துறை தொடங்கியாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வங்கிப் பரிமாற்றம், அரசின் மின்னாவணங்கள், மருத்துவமனைப் பதிவுகள் ஆகிய எல்லாவற்றையும் காக்கும் மறையாக்கப் பூட்டுகளில் பெரும்பாலானவை, பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது போன்ற கணக்குகளின் கடினத்தை நம்பியிருக்கின்றன. ஷோரின் வழிமுறை அந்தக் கடினத்தை நீக்கிவிடும். 2,048 பிட் ஆர்.எஸ்.ஏ. பூட்டை உடைக்க 2 கோடிக் கியூபிட்டுகளும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெரோவும் 2019-இல் கணக்கிட்டார்கள். கூகுளைச் சேர்ந்த கிட்னி 2025 மே மாதத்தில் அதைத் திருத்தினார்: பத்து லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். ஆறு ஆண்டுகளில் தேவை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அதற்குள் இயந்திரம் அத்தனை பெரிதாகிவிடவில்லை, கணிதம்தான் கூர்மையானது. இன்று திருடிப் பூட்டோடு வைத்திருக்கும் தரவைப் பத்து ஆண்டு கழித்துத் திறந்து படிக்கலாம் என்பதால், நீண்டகால ரகசியங்களுக்கு ஆபத்து இப்போதே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், குவாண்டத்துக்குப் பிந்தைய மறையாக்கத்துக்கான முதல் மூன்று தரநிலைகளை 2024 ஆகஸ்ட் 13-இல் வெளியிட்டது. பழைய முறைகளை 2035-க்குப் பின் அனுமதிக்காமல் நிறுத்துவது என்பது அதன் வரைவுத் திட்டம். பூட்டை மாற்றுவது மென்பொருளில் ஒரு வரியைத் திருத்துவது போன்றதில்லை. இப்போது புழக்கத்தில் உள்ள ஒரு வகைப் பொதுச் சாவி 32 பைட். அதன் இடத்தில் வரும் புதிய சாவி 1,184 பைட். 64 பைட்டில் முடிந்த டிஜிட்டல் கையொப்பம் 3,309 பைட்டாகிறது. வங்கி அட்டையின் சிப், மின் மீட்டர், தொழிற்சாலைக் கருவி ஆகியவற்றின் சிறிய நினைவகத்தில் இது எளிதில் அடங்காது. எந்தக் கருவியில், எந்த மென்பொருளில் எந்தப் பூட்டு இருக்கிறது என்று பட்டியல் எடுக்கவே பெரிய நிறுவனத்துக்கு ஆண்டுகள் ஆகும். கியூபிட் அறிவிப்புகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதி இந்தப் பட்டியலுக்குக் கிடைத்தாலும் பெரும் நன்மை விளையும்.

இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19-இல் ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 6,003.65 கோடி ரூபாய். காலம் 2030-31 வரை. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் கொண்ட இயந்திரங்களை உருவாக்குவது கணினிப் பிரிவின் இலக்கு. நான்கு மையங்களில் கணினிக்கானது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. தகவல் தொடர்புக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில், சி-டாட் அமைப்போடு சேர்ந்து இயங்குகிறது. அமராவதியில் 156 கியூபிட் ஐ.பி.எம். இயந்திரத்தை நிறுவும் திட்டம் 2025-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இந்த முயற்சி வேண்டும். தாமதமாகத் தொடங்கியிருக்கிறோம் என்பதற்காகக் கைவிடக் கூடாது. குளிர்ப்பெட்டி, நுண்ணலைக் கம்பிகள், கட்டுப்பாட்டு மின்னணுவியல், பிழையைக் கண்டறியும் மென்பொருள் ஆகியவற்றில் கைப்பழக்கம் உள்ளவர்கள் உருவாக இது ஒன்றுதான் வழி. ஆனால் 1,000 கியூபிட் இயந்திரம் ஃபெமோகோவைக் கணக்கிடாது, ஆலையின் அட்டவணையையும் மலிவாக்காது. அதை இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது திட்டத்துக்கு நல்லது. சொல்லாமல் விட்டால், 2031-இல் யாராவது பயன் எங்கே என்று கேட்கும்போது, பயன் தரக்கூடிய ஆராய்ச்சிக்கும் சேர்த்து நிதி நின்றுபோகும்.

திட்டத்தின் பணத்தில் ஒரு சிறு பங்கை வேறொன்றுக்கு ஒதுக்கலாம். இந்தியத் தொழில்கள் தங்களிடம் உள்ள, சாதாரணக் கணினியால் முடியாத கணக்குகளை எழுதித் தர வேண்டும்: மூலக்கூறு அல்லது பொருள் எது, எவ்வளவு துல்லியம் வேண்டும், இப்போது எந்த மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்த இடத்தில் விடை நம்ப முடியாததாகிறது, சரியான விடை கிடைத்தால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம். அதை வெளியிட்டால் குவாண்டம் ஆய்வாளர்களும், சாதாரணக் கணினிக்கு வழிமுறை எழுதுபவர்களும் அதன்மேல் போட்டி போடுவார்கள். இந்தப் போட்டியில் இன்னொரு டாங் வந்து சாதாரணக் கணினியிலேயே தீர்த்துவைத்தாலும் ஆலைக்கு அது லாபம்தான். அரசுப் பணத்தில் நடக்கும் எந்தச் செய்முறை விளக்கமும், அந்தப் பட்டியலில் உள்ள கணக்கை எடுத்து, சிறந்த சாதாரண வழிமுறையோடு ஒப்பிட்ட எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று விதி வைக்கலாம்.

பட்டியலை எழுதத் தொடங்க வெளிநாட்டு ஆலோசகர்கள் வேண்டாம். தூத்துக்குடியின் ஸ்பிக் ஆலையிலும் மணலியின் மெட்ராஸ் உர ஆலையிலும் அமோனியாவோடு வேலை செய்பவர்களைக் கேட்கலாம். வினையூக்கி எந்த வெப்பத்தில் சோர்கிறது, எந்த அசுத்தம் அதைக் கெடுக்கிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் அன்றாடம் பார்ப்பவை. அந்தப் பரப்பில் நைட்ரஜன் அணுக்கள் பிரியும்போது எலெக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்ற கேள்வி அங்கிருந்து ஒரு வேதியியலாளரிடம் போய், அவரிடமிருந்து சென்னை ஐ.ஐ.டி.க்கோ பெங்களூருக்கோ போனால், முதல் கணக்கு கைக்கு வந்துவிடும்.